நாட்டிங்ஹாம் ஆலைக்காரரின் நூல்

இயற்பியலிலோ கணிதத்திலோ பட்டப் படிப்புப் படிப்பவர்கள் கிரீன் தேற்றத்தை ஒரு முறையேனும் எழுதாமல் தப்ப முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் அத்தேற்றத்தைக் கரும்பலகையில் நிறுவிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, கிரீன் என்பது ஆளின் பெயரா, நிறத்தின் பெயரா?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அவர் யார் என்று விளக்கத் தொடங்கியபோதுதான், "ஓர் ஆங்கிலேயக் கணித அறிஞர்" என்பதற்கு மேல் எனக்கும் எதுவும் தெரியாது என்பது புலப்பட்டது. அதன் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஜார்ஜ் கிரீன் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள நாட்டிங்ஹாம் நகரில் பிறந்தவர். 1793-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் அவருக்குத் திருமுழுக்கு நடந்ததாக மாதா கோயில் பதிவேடு கூறுகிறது. தந்தை ரொட்டி சுட்டு விற்பவர். மகனுக்கு எட்டு வயதானபோது அவனை நகரிலிருந்த நல்ல பள்ளி ஒன்றில் சேர்த்தார். நான்கு பருவங்கள் படித்ததும், ஒன்பது வயதில், சிறுவன் பள்ளியை விட்டு ரொட்டிக்கடை வேலைக்கு வந்துவிட்டான். கிரீன் பெற்ற பள்ளிக் கல்வி அவ்வளவுதான்.

1807-இல் தந்தை, நகரை அடுத்த ஸ்னென்டன் என்ற சிற்றூரின் மேட்டில் செங்கல்லால் ஒரு காற்றாலை கட்டினார். காற்றாலை என்றதும் ஆரல்வாய்மொழிப் பக்கம் வரிசையாக நிற்கும் மின்சாரக் காற்றாலைகளை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது கோதுமை அரைக்கும் ஆலை. கோபுரத்தின் உச்சியில் பெரிய இறக்கைகள் சுழலும். அந்தச் சுழற்சி பற்சக்கரங்களின் வழியே கீழே இறங்கி, கனத்த அரைகற்களைச் சுற்றும். காற்றின் திசை மாறினால் இறக்கைகளையும் திருப்ப வேண்டும். காற்று வலுத்தால் வேகத்தை அடக்க வேண்டும். காற்று அடிக்கும்போதே அரைத்தாக வேண்டியிருப்பதால், ஆலைக்காரருக்கு இரவென்றும் பகலென்றும் கிடையாது. பதினான்கு வயதிலிருந்து இந்த ஆலைதான் கிரீனின் உலகம். அதன் மேல்தளத்தில் அமர்ந்துதான் அவர் கணிதம் பயின்றார் என்று அவ்வூரில் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கின்றனர்.

அவருக்குக் கணிதம் கற்பித்தவர் யார்? உறுதியான விடை இல்லை. நாட்டிங்ஹாம் இலக்கணப் பள்ளியின் தலைமையாசிரியராக 1819 வரை இருந்த ஜான் டாப்லிஸ் என்பவர், பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸின் வான இயக்கவியல் நூலின் முதற்பகுதியை 1814-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். நியூட்டனின் புள்ளிக் குறியீட்டையே பிடித்துக்கொண்டிருந்த இங்கிலாந்தில் பிரெஞ்சுக் கணிதத்தை அறிந்திருந்தவர்கள் சிலரே. அத்தகைய ஒருவர் அதே ஊரில் இருந்திருக்கிறார். ஆகவே கிரீனுக்கு வழி காட்டியவர் இவராகவே இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் ஊகிக்கின்றனர். எனக்கும் அந்த ஊகம் பொருத்தமாகவே தோன்றுகிறது. லாப்லாஸைத் துணையின்றித் தனியே படித்துப் பார்க்க முயன்றவர்களுக்கு அது புரியும்.

1823-இல் கிரீன் நாட்டிங்ஹாம் சந்தா நூலகத்தில் உறுப்பினரானார். நகரத்துக் கனவான்களும் மருத்துவர்களும் வணிகர்களும் கூடும் இடம் அது. அதற்கடுத்த ஐந்து ஆண்டுகளில் நடந்தவற்றைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆலை வேலையை விடவில்லை. ஆலை மேலாளரின் மகள் ஜேன் ஸ்மித்துடன் வாழ்க்கை தொடங்கி, 1824-இல் முதல் குழந்தையும் பிறந்தது. (அவர்கள் சட்டப்படி மணந்துகொள்ளவே இல்லை, பின்னால் இச்செய்தி மீண்டும் வரும்.) 1825-இல் தாய் இறந்தார். இவற்றுக்கிடையில், 1828-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஒரு நூல் அச்சாகி வெளிவந்தது. மின்னியல், காந்தவியல் கொள்கைகளில் கணிதப் பகுப்பாய்வைப் பயன்படுத்துவது பற்றிய ஒரு கட்டுரை என்பது அதன் தலைப்பின் பொருள்.

விலை ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். முன்கூட்டியே பெயர் கொடுத்து வாங்க ஒப்புக்கொண்டவர்கள் 51 பேர். அவர்களுள் பெரும்பாலோர் நூலக உறுப்பினர்கள். உள்ளூர்க்காரர் ஒருவரின் முயற்சிக்கு ஆதரவாகக் காசு கொடுத்தவர்கள். அந்த நூலின் இரண்டாம் பக்கத்தைப் புரிந்துகொள்ளக்கூடியவர் அவர்களுள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? முன்னுரையில் கிரீன், தம் பிழைப்புக்குரிய வேலைகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளிகளில் கற்ற ஒருவன் எழுதியது இது என்று சொல்லி, படிப்பவர்கள் பொறுத்தருளும்படி வேண்டுகிறார்.

அந்நூலில் என்ன இருந்தது?

மின்னூட்டம் பெற்ற பொருள்கள் பல ஓரிடத்தில் இருக்கின்றன என்று கொள்வோம். ஒரு புள்ளியில் அவை செலுத்தும் விசையைக் கணக்கிட, ஒவ்வொன்றும் எந்தத் திசையில் எவ்வளவு இழுக்கிறது அல்லது தள்ளுகிறது என்று பார்த்து, எல்லாவற்றையும் திசையோடு கூட்ட வேண்டும். இது கடினமான வேலை. கடத்திகள் இருந்தால் தொல்லை இன்னும் மிகுதி. கடத்தியின் மேல் மின்னூட்டம் எங்கெங்கே எவ்வளவு பரவும் என்பதே தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதே கணக்கு. லாப்லாஸும் பாய்சானும் ஈர்ப்பு விசைக் கணக்குகளில் ஒரு தந்திரத்தைக் கையாண்டிருந்தனர். திசையே இல்லாத ஓர் எண்ணை ஒவ்வொரு புள்ளிக்கும் குறித்துக்கொண்டால், அது இடத்துக்கு இடம் மாறும் வீதத்திலிருந்து விசை தானே கிடைத்துவிடும். கிரீன் இந்த எண்ணைத் தம் நூலின் மையத்தில் நிறுத்தினார். இன்று நாம் மின்னழுத்தம் என்று கூறும் அந்த அளவுக்குப் பொட்டென்ஷியல் என்ற சொல்லை அமைத்துக்கொண்டவர் அவரே.

அடுத்து ஒரு தேற்றம். மூடிய பரப்பு ஒன்றின் உள்ளே நிகழ்வதையும் அப்பரப்பின் மேல் நிகழ்வதையும் அது இணைக்கிறது. வெற்றறை ஒன்றின் சுவர்களில் மட்டும் மின்னழுத்தத்தை அளந்து கொடுத்தால், உள்ளே நுழையாமலேயே அறையின் எந்தப் புள்ளியிலும் மின்னழுத்தம் என்னவென்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு ஒரு துணைக்கருவி வேண்டும். அதுதான் இன்று கிரீன் சார்பு எனப்படுவது.

அச்சார்பின் கருத்தை விளக்க நான் வகுப்பில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றைப் பயன்படுத்துவது வழக்கம். 4 மீட்டர் இடைவெளியில் உள்ள இரு தூண்களுக்கிடையே, 20 கிலோ எடைக்குச் சமமான இழுவிசையுடன் கயிறு கட்டியிருக்கிறோம். இடப்பக்கத் தூணிலிருந்து 1 மீட்டர் தொலைவில், 2 கிலோ எடையுள்ள ஈரத்துணியைக் கயிற்றின் ஒரே புள்ளியில் தொங்குமாறு மாட்டுகிறோம். கயிறு அவ்விடத்தில் 7.5 செ.மீ. தாழும், நடுவில், அதாவது 2 மீட்டரில், 5 செ.மீ. தாழும். துணியை எடுத்து நடுவில் மாட்டினால், நடுப்புள்ளி 10 செ.மீ. தாழும்; 1 மீட்டர்ப் புள்ளி 5 செ.மீ. தாழும். இரண்டு இடங்களிலும் ஒவ்வொரு துணி மாட்டினால்? புதிதாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. 1 மீட்டரில் 7.5-உம் 5-உம் சேர்ந்து 12.5 செ.மீ.; நடுவில் 10-உம் 5-உம் சேர்ந்து 15 செ.மீ. (தாழ்வு சிறிதாக இருக்கும்வரை இழுவிசை மாறுவதில்லை என்று கொள்கிறோம்.) ஒரே ஓர் எடையை ஒரே ஓர் இடத்தில் தொங்கவிட்டால் கயிறு எப்படி வளையும் என்பதை எல்லா இடங்களுக்கும் ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் போதும், எத்தனை துணிகளை எப்படி மாட்டினாலும் விடையைக் கூட்டியே பெறலாம். அந்த ஒற்றை எடைக்குரிய விடைதான் கயிற்றின் கிரீன் சார்பு.

மேலே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இங்கே மாட்டினால் அங்கே 5 செ.மீ.; அங்கே மாட்டினால் இங்கேயும் அதே 5 செ.மீ. இந்தப் பரிமாற்றப் பண்பையும் மின்னியலில் கிரீன் நிறுவிக் காட்டினார்.

கிரீன் எடுத்துக்கொண்டது கயிறன்று, மின்னூட்டம். ஓரலகு மின்னூட்டத்தை ஒரு புள்ளியில் வைத்து, அதைச் சுற்றி உலோகக் கூடு அமைத்து, கூட்டைப் புவியுடன் இணைத்துவிட்டால், கூட்டின் மேல் மின்னழுத்தம் சுழியாகும். அந்நிலையில் உள்ளே இருக்கும் மின்னழுத்தமே அவருடைய சார்பு. எந்த வடிவக் கூட்டுக்கும் இப்படி ஒரு சார்பு உண்டு என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒரு கணித அறிஞர் கேட்கலாம். கூட்டைப் புவியுடன் இணைத்தால் மின்னூட்டம் எப்படியாவது பரவி ஒரு சமநிலைக்கு வந்துதானே ஆக வேண்டும் என்பதே கிரீனின் விடை. கணிதக் கண்டிப்புக்கு இது போதாது. பிற்காலத்தில் அதை நிரப்பப் பல பெரிய மூளைகள் உழைக்க வேண்டியிருந்தது. ஆனால் இயற்பியல் ஆசிரியனான எனக்கு, புவியிணைப்புக் கம்பியின் மேல் அவர் வைத்த அந்த நம்பிக்கை மிகவும் பிடித்திருக்கிறது.

இந்த முறைகளைக்கொண்டு லெய்டன் சாடியையும், உள்ளீடற்ற உலோகக் கூடு தன் உட்புறத்தை வெளி மின்விளைவுகளிலிருந்து காப்பதையும், காந்தமாக்கிய எஃகுக் கம்பிகள் பற்றிய கூலுமின் அளவீடுகளையும் அந்நூல் ஆராய்கிறது. மாணவர்களுக்கு இடையே ஒரு செய்தி: சமதளத்தில் கோட்டுத் தொகையீட்டையும் பரப்புத் தொகையீட்டையும் இணைத்து நாம் தேர்வில் எழுதும் 'கிரீன் தேற்றம்' அந்த வடிவில் 1828-ஆம் ஆண்டு நூலில் இல்லை. அதை 1846-இல் அச்சிட்டவர் கோஷி. கிரீன் நிறுவியது அதன் முப்பரிமாண உறவினரை.

கிடைத்த ஒரே ஒரு வாசகர்

நூல் வெளிவந்தது, ஒன்றும் நடக்கவில்லை. 51 பேருள் ஒருவர் மட்டும் அதன் தரத்தை உணர்ந்தார். அவர் லிங்கன்ஷயரைச் சேர்ந்த நிலக்கிழார் சர் எட்வர்டு பிராம்ஹெட். பாபேஜ், ஹெர்ஷல் ஆகியோருடன் சேர்ந்து, கேம்பிரிட்ஜில் பிரெஞ்சுக் கணித முறைகளைப் பரப்ப முயன்ற பகுப்பாய்வுக் கழகத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். இனி எழுதும் ஆய்வுரைகளை அறிஞர் சங்கங்களுக்கு அனுப்பி உதவுவதாக அவர் கிரீனுக்குக் கடிதம் எழுதினார்.

கிரீன் பதில் எழுதவில்லை. பெரிய மனிதர்கள் மரியாதைக்காக இப்படி எழுதுவார்கள், அதை மெய்யென்று நம்பிப் பதில் எழுதினால் அதிகப்பிரசங்கித்தனமாகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வீணாயின. 1830 ஜனவரியில்தான், தயக்கத்தோடு, இதை விளக்கி மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினார். சமூகத்தின் கீழ்ப்படியில் நிற்பவனுக்குத் தன் திறமையின் மேலேயே ஏற்படும் ஐயத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் படித்ததில்லை. நல்லவேளையாக பிராம்ஹெட் அதைத் தவறாகக் கொள்ளவில்லை. அவர் முயற்சியால் கிரீனின் இரண்டு ஆய்வுரைகள் கேம்பிரிட்ஜ் தத்துவச் சங்கத்திலும், ஒன்று எடின்பரோ அரச கழகத்திலும் வெளியாயின.

1829-இல் தந்தை இறந்ததால் சொத்து கிரீனுக்கு வந்திருந்தது. ஆலையைக் குத்தகைக்கு விட்டார். 1833 அக்டோபரில், நாற்பதாவது வயதில், பிராம்ஹெட் படித்த அதே கீஸ் கல்லூரியில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவராகச் சேர்ந்தார்! உடன் படித்தவர்கள் பதினெட்டு, இருபது வயது இளைஞர்கள். லத்தீனும் கிரேக்கமும் அவருக்குப் பெருந்தொல்லையாக இருந்தன. 1837-ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காவது ராங்லராகத் தேறினார். பின்னாளில் அணிக்கோவை இயற்கணிதத்தில் புகழ்பெற்ற சில்வெஸ்டர் அதே தேர்வில் இரண்டாவது. தாம் எழுதிய நூல் இருக்க, இளைஞர்களுடன் அமர்ந்து பாடப்புத்தகக் கணக்குகளை வேகமாகப் போட்டு நான்காம் இடம் வாங்க வேண்டியிருந்தது.

1839-இல் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவிக்கு ஒரு விதி இருந்தது: மணமாகாதவராக இருக்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் கிரீன் மணமாகாதவர். ஸ்னென்டனில் ஜேனும் குழந்தைகளும் இருந்தனர். இத்தகைய விதி ஒரு குடும்பத்தை எந்த நிலையில் வைக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

கேம்பிரிட்ஜில் அவர் எழுதிய ஆய்வுரைகளில் இரண்டைக் குறிப்பிடலாம். ஒளியை ஈதர் என்ற மீள்தன்மை ஊடகத்தின் அலையாகக் கொண்டு எழுதிய ஆய்வில், பொதுவான ஒரு திண்மத்தின் மீள்பண்புகளை விவரிக்க 21 மாறிலிகள் வேண்டும் என்று காட்டினார். ஈதர் பிற்காலத்தில் கைவிடப்பட்டது. 21 மாறிலிகள் இன்றும் படிகவியலில் உள்ளன. மற்றொன்று, ஆழமும் அகலமும் சிறுகச் சிறுக மாறும் கால்வாயில் அலைகள் செல்லும் விதம் பற்றியது. நீரின் ஆழம் குறையக் குறைய, நீண்ட அலையின் உயரம் ஆழத்தின் நான்காம் படிமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் வளரும். ஆழம் 16-இல் ஒரு பங்கானால் உயரம் இரு மடங்கு. 256-இல் ஒரு பங்கானால் நான்கு மடங்கு. 1830-களில் ஒரு கால்வாயை எண்ணி எழுதப்பட்ட இவ்விதியைத்தான் ஆழிப்பேரலை ஆய்வாளர்கள் கிரீன் விதி என்ற பெயரில் பயன்படுத்துகின்றனர். நடுக்கடலில் கப்பலில் இருப்பவர் உணராத அலை கரையோரத்தில் ஏன் சுவர்போல எழுகிறது என்பதற்கு அது முதற்கட்ட விடை தருகிறது. 2004 டிசம்பர் 26-ஐ அறிந்த நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1840-இல் உடல்நலம் குன்றி கிரீன் ஊர் திரும்பினார். அந்த ஆண்டுதான் ஏழாவது குழந்தை பிறந்தது. 1841 மே 31-ஆம் நாள், 47-ஆம் வயதில் இறந்தார். ஆலைக்கு அருகிலுள்ள புனித ஸ்டீபன் கோயில் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஊர் மக்களைப் பொறுத்தவரை வசதியான ஓர் ஆலைக்காரர் காலமானார், அவ்வளவே.

தாம்சன் கையில் கிடைத்த படி

இதற்கிடையில் ஜெர்மனியில் காஸ், பிரான்சில் ஷால், ஸ்டர்ம் ஆகியோர் அந்நூலை அறியாமலேயே அதன் முடிவுகள் சிலவற்றைத் தாமே கண்டுபிடித்துக்கொண்டிருந்தனர். பின்னர் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்சனும் மாணவப் பருவத்திலேயே அவ்வாறு சிலவற்றைக் கண்டு எழுதியிருந்தார். இராபர்ட் மர்பி என்பவர் எழுதிய ஆய்வுரை ஒன்றில் கிரீனின் நூலைப் பற்றிய குறிப்பைத் தாம்சன் கண்டார். கேம்பிரிட்ஜ் புத்தகக் கடைகளில் தேடினார். அப்படி ஒரு நூலே யாருக்கும் தெரியவில்லை.

1845 ஜனவரியில் பட்டத் தேர்வு முடிந்து பாரிஸுக்குப் புறப்படுவதற்கு முந்திய நாள், தம் ஆசிரியர் வில்லியம் ஹாப்கின்ஸிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். என்னிடம் இருக்கிறதே என்றார் ஹாப்கின்ஸ்! வீட்டிலிருந்த படிகளை எடுத்துக் கொடுத்தார். ராங்லர்களை உருவாக்குவதில் கேம்பிரிட்ஜிலேயே பெயர்பெற்ற அந்த ஆசிரியரிடம் அந்நூல் இருந்தும், அதைக் கேட்க இப்படி ஒரு மாணவர் வரவேண்டியிருந்தது.

தாம்சன் வழியெல்லாம் அதைப் படித்துக்கொண்டே போனார். பாரிஸில் லியூவிலிடம் காட்டினார். செய்தி பரவி, ஓர் இரவு ஸ்டர்ம் மூச்சிரைக்கத் தாம்சனின் அறைக்கு வந்து நூலைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். தாம் கண்டுபிடித்ததாக எண்ணியிருந்தது பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பக்கத்தில் அச்சாகியிருப்பதைக் கண்டு துள்ளினார் என்று தாம்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஸ்டர்ம் வருந்தியதாக அவர் சொல்லவில்லை என்பது எனக்கு மகிழ்ச்சி அளிக்கிறது.

தாம்சனின் முயற்சியால் ஜெர்மனியிலிருந்து வெளிவந்த கிரெல்லேயின் கணித இதழில் 1850 முதல் 1854 வரை மூன்று பகுதிகளாக அந்நூல் மறுபடி அச்சாயிற்று. எழுதியவர் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னரே ஐரோப்பா அதைப் படிக்கத் தொடங்கியது. 1871-இல் அவர் ஆய்வுரைகள் அனைத்தும் ஒரே தொகுப்பாக வெளிவந்தன.

அதன் பிறகு கிரீன் சார்பு மின்னியலோடு நிற்கவில்லை. வெப்பம் பரவுதல், ஒலி, நிலநடுக்க அலைகள் என எல்லாத் துறைகளிலும் நுழைந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஜூலியன் ஷ்விங்கர் குவாண்டம் மின்னியக்கவியலை அதன் மேலேயே கட்டினார். ஓரிடத்தில் தோன்றும் எலெக்ட்ரான் மற்றோரிடத்தில் காணப்படுவதற்கான வீச்சைச் சொல்லும் ஃபைன்மனின் பரப்பியும் ஒரு கிரீன் சார்புதான். நம் கொடிக்கயிற்றில் ஓரிடத்தில் மாட்டிய துணி இன்னோரிடத்தில் ஏற்படுத்தும் தாழ்வைப் போன்றது. ஷ்விங்கர், ஃபைன்மன், டொமனாகா மூவரும் 1965-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கிரீன் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்த 1993-இல் ஷ்விங்கர் நாட்டிங்ஹாமுக்கு வந்து, தம் வாழ்நாள் ஆய்வில் அந்த ஆலைக்காரருக்கு உள்ள பங்கைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதே ஆண்டு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், நியூட்டனின் கல்லறைக்கு அருகே, கிரீனின் பெயர் பொறித்த நினைவுக்கல் பதிக்கப்பட்டது.

அவருடைய உருவப்படம் எதுவும் கிடைக்கவில்லை. ஆலை மட்டும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓட்டம் நின்று, பாழடைந்து, 1947-இல் தீப்பிடித்து எரிந்த அது, பின்னர் செப்பனிடப்பட்டு 1985-இல் மறுபடி திறக்கப்பட்டது. பக்கத்தில் மாணவர்களுக்கான அறிவியல் கூடம் ஒன்றும் அமைத்தனர். மீண்டும் இறக்கைகள் பொருத்தப்பட்டு, காற்று வீசும்போது மறுபடியும் கோதுமை அரைபடத் தொடங்கியது.